மாடத்தி தச்ச மெத்தை

ஆனைப்பாறை, ஆனைப்பாறைன்னு ஒரு ஊரு. அங்க ஒரு ராசா இருந்தாரு. வேட்டைக்குப் போன எடத்துல குதிரையில இருந்து விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டாரு. கட்டுப் போட்டு எலும்பு கூடிருச்சு, வலிதான் போகல. இந்தப் பக்கம் திரும்புனாலும் வலி, அந்தப் பக்கம் திரும்புனாலும் வலி, மல்லாந்து படுத்தாலும் வலி. அப்ப மந்திரியைக் கூப்பிட்டு, "என் உடம்புக்குத் தோதா ஒரு மெத்தை பாருய்யா"ன்னாரு. பாவம், கேட்டது அவ்வளவுதான்.

அந்த ஊர்ல மெத்தை தைக்கிறவங்க ரெண்டே பேரு. ஒருத்தி மாடத்தி. புருசன் செத்துட்டான், ஒத்தைப் பொம்பளப் பிள்ளையை வச்சுக்கிட்டு ஊசியை நம்பிப் பொழைச்சா. அவ பருத்திப் பஞ்சை அடிச்சு, கெட்டியா அடைச்சுத் தைப்பா. படுத்தா பலகை கணக்கா தாங்கும். இன்னொருத்தன் குப்பாண்டி. அவன் தைக்கிறது இலவம்பஞ்சு மெத்தை. படுத்தா ஆளு அப்படியே உள்ள அமுங்கிருவான். ரெண்டுமே நல்ல மெத்தைதான், ஒண்ணுலயும் குத்தம் சொல்ல முடியாது. ரெண்டு பேரும் பத்து நாளு கை ஓயாமத் தச்சு, அரமனையில கொண்டாந்து விரிச்சாங்க.

மந்திரி என்ன பண்ணாரு, ராசாவைக் கூப்பிடல. தானே ஏறிப் படுத்துப் பாத்தாரு. இலவம்பஞ்சுல படுத்துச் சிரிச்சாரு. பருத்தியில படுத்து மொகத்தைச் சுளிச்சாரு. அப்புறம் மாடத்தியைக் கேட்டாரு, "ரெண்டுல எது நல்ல மெத்தை?"

"ரெண்டும் நல்ல மெத்தைதான் சாமி."

"எது நல்ல மெத்தைன்னு கேட்டேன்."

"படுக்குற உடம்பு சொல்லணும் சாமி."

மூணாந்தரமும் கேட்டாரு. "ராசா வந்து ரெண்டுலயும் படுத்துப் பாக்கட்டும் சாமி, அவருக்குத்தானே வலி"ன்னா.

மந்திரிக்கு ரோசம் வந்துருச்சு. "எனக்குத் தெரியாதா? கல்லைத் தச்சுக் கொண்டாந்து ராசா இடுப்பை ஒடிக்கப் பாக்குறே"ன்னு சொல்லி, அந்த மெத்தையை எரிக்கச் சொன்னாரு. அவ வலது கைப் பெருவெரலை வெட்டச் சொன்னாரு. வெட்டிட்டாங்க. குப்பாண்டி பக்கத்துலயே நின்னான், வாயைத் தொறக்கல. தொறந்தா தன் வெரலும் போயிருமேன்னு பயம்.

மாடத்தி கையில துணியைச் சுத்திக்கிட்டு வீட்டுக்கு வந்தா. ஊசி புடிக்க முடியல. சோறு பெசைய முடியல. மகளுக்குச் சடை பின்ன உக்காந்தா, முடி கையில நிக்காம நழுவி நழுவிப் போச்சு. "நானே பின்னிக்கிறேன்மா"ன்னுச்சு அந்தப் பிள்ளை. அப்பதான் மாடத்தி அழுதா.

அங்க அரமனையில ராசா இலவம்பஞ்சுல படுத்தாரு. மொத நாளு இடுப்பு அமுங்குச்சு. ரெண்டாம் நாளு கால் மரத்துச்சு. மூணாம் நாளு நாலு பேரு தூக்குனாத்தான் எந்திரிக்க முடிஞ்சுது. ராணி அதுலயே படுத்துப் பாத்துட்டு, "எனக்குச் சொகமாத்தானே இருக்கு"ன்னாங்க. "உனக்குச் சொகம், என் உயிரு போகுது. இன்னொரு மெத்தை எங்க?"ன்னாரு ராசா. மந்திரி தலையைக் குனிஞ்சாரு. எரிச்சதை எப்படிச் சொல்லுவாரு?

அதைத் தச்ச மாடத்தியை வரச் சொன்னாங்க. "கெட்டியா ஒண்ணு தச்சுக் குடு தாயி"ன்னாரு ராசா. அவ துணியை அவுத்துக் கையைக் காட்டுனா.

"யாரு செஞ்சது?"

"உங்க நல்லதுக்குத்தான் ராசா, நான்தான்"னாரு மந்திரி.

ராசா மந்திரி பதவியைப் புடுங்குனாரு. அவ கையை வெச்ச அதே கட்டையில மந்திரி கையை வெக்கச் சொன்னாரு. அதே கத்தி, அதே வெரலு. மந்திரி கத்துன கத்து கோட்டைக்கு வெளிய கேட்டுச்சு. மாடத்தி பாத்துக்கிட்டே நின்னா. மனசு ஆறும்னு நெனைச்சா, ஆறல.

"நியாயம் செஞ்சுட்டேன்ல தாயி?"

"படுக்கப் போறவரு நீங்க. அன்னிக்கு ஒரு எட்டு வந்து படுத்துப் பாத்திருந்தா என் வெரலு இருந்திருக்கும் ராசா."

மறுநாள் குப்பாண்டி பருத்திப் பஞ்சு மூட்டையோட அவ வீட்டு வாசல்ல வந்து நின்னான். "அக்கா, நீ சொல்லு, நான் தைக்கிறேன். இனிமே எந்த மெத்தை தச்சாலும் வர்றதுல பாதி உனக்கு."

"அன்னிக்கு ஏன்டா பேசல?"

"பயந்துட்டேன்க்கா."

அவ மூட்டையைப் பிரிச்சு, இடது கையால பஞ்சை அள்ளிப் பாத்தா. அப்புறம், "பஞ்சு பத்தாது, இன்னும் அடி"ன்னா. அவ வாயால சொல்லச் சொல்ல அவன் தச்சான். அந்த மெத்தையில ராசா தூங்குனாரு. மாடத்தி வெரலு மட்டும் திரும்பி வரல.

அதனால கண்ணுங்களா, ஒரு உடம்புக்கு ஆகுறது இன்னொரு உடம்புக்கு ஆகாது. படுக்குறவங்களைக் கேக்காம மெத்தை விரிக்கக் கூடாது. சொன்ன வாயும் ஓஞ்சுது, கேட்ட காதும் நெறைஞ்சுது, கதையும் கரை சேந்துது.