சேறு படாத அதிகாரி

புதுச்சேரியில் கஜபதி என்றொரு பெரிய மனிதர். நெப்போலியன் காலத்துச் சிப்பாய் பொம்மைகளைச் சேர்ப்பது அவர் பெருமை. அந்த விரலளவு பொம்மைகளுக்கு அவரிடம் கூலிக்கு வர்ணம் தீட்டுவது ரொசாலியின் பிழைப்பு. சிப்பாய்ச் சட்டைக்கு அவள் எந்த நீலத்தைத் தீட்டினாலும், "இதுவா சரித்திரம்? அழி!" என்பார்.

பொம்மைக் கண்காட்சிப் போட்டி நெருங்கியது. "ருஷ்யாவில தோத்துத் திரும்பின படை இது. அன்னிக்குச் சட்டை என்ன நிறத்துல இருந்துச்சோ, அதே நிறம் வேணும். தப்பாச்சுன்னா வேலைக்கு வராதே" என்றார்.

"அன்னிக்கு இருந்த நிறம்தானுங்களே?" என்று மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டாள் ரொசாலி.

சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் சேற்று நிறம் பூசினாள். குதிரைமேல் இருந்த அதிகாரிக்கு மட்டும் பளிச்சென்ற நீலம், பொன் பொத்தான்.

கண்காட்சி மேஜையில் அதைப் பார்த்ததும் கஜபதியின் முகம் சுண்டிப்போனது. அவர் திட்ட வாயெடுப்பதற்குள் நடுவர் வந்துவிட்டார்.

"அடடா, இதல்லவா உண்மை! யார் தீட்டினது?"

"நான்தான்" என்றார் கஜபதி, கூசாமல்.

"அதிகாரி மட்டும் ஏன் புதுச்சட்டையில இருக்கார்?"

கஜபதி பக்கத்தில் நின்ற ரொசாலியைப் பார்த்தார்.

"தீட்டினவர் ஐயாதானே, அவரே சொல்லட்டுங்க" என்றாள் அவள்.

"நீயே சொல்லம்மா" என்றார் நடுவர்.

"சேத்துல நடந்தது மத்தவங்க. பேர் வாங்கறவர் மேல சேறு எப்படிங்க படும்?"

கூடமே சிரித்தது. மறுநாள் ரொசாலிக்கு வேலை போயிற்று. அவளுக்குப் பதிலாக வந்தவனிடம் கஜபதி சொன்ன முதல் வேலை, அந்த அதிகாரிக்கும் சேறு பூசுவது.

அதைக்கூட அவர் தன் கையால் பூசவில்லை.