சுவரைப் பார்த்த நாற்காலி

வைகுண்டம் அண்ணாச்சி சொன்ன இந்தக் கதையை டாக்டர் தாவீது வெகுகாலம் நம்பவில்லை. கதை ரொம்ப நேர்த்தியாக இருந்தது. நேர்த்தியான எதையும் சந்தேகிப்பது அவர் சுபாவம், தன்னையும் சேர்த்துத்தான்.

ஆனாலும் அந்தக் கதை கேட்ட காலம் இனித்தது. பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கேன்டீன் வாசலில் சுக்குக் காப்பி. மூத்த டாக்டரான வைகுண்டம் காப்பியை ஆற்றிக்கொண்டே ஆரம்பிப்பார்.

வைகுண்டம், டாக்டர் மங்களத்திடம் வலி வைத்தியம் பழகிய நாட்கள் அவை. ஞானதிரவியம் என்று ஒரு நோயாளி, கணையத்தில் புற்றுநோய். வள்ளியூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். வாராவாரம் வைகுண்டம் அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார்.

“வலிக்குப் பத்துக்கு எத்தனை போடலாம் ஐயா?”

“அஞ்சு...” என்று ஞானதிரவியம் இழுத்து, கேட்டவர் முகத்தைப் பார்ப்பார். “இல்ல, மூணு. ரெண்டுன்னே போடுங்க டாக்டர் தம்பி. உங்க மருந்துக்கு நல்லாக் கேக்குது.”

அதனால் மருந்தைக் கூட்டவில்லை. ஒருநாள் அவர் மனைவி தனியாக வந்து சொன்னாள்.

“மல்லாந்து படுக்கவே மாட்டேங்காவ டாக்டர். தலகாணிய வயித்தோட கட்டிக்கிட்டு குனிஞ்சே உக்காந்திருக்காவ.”

வைகுண்டம் குருவிடம் போனார். “வலி இறங்கிட்டே வருது மேடம். ஆனா மனுஷன் தூங்கலை. நான் எதை நம்ப?”

மங்களம் அவரை ஞானதிரவியத்திடம் அழைத்துப் போனார். நோயாளி எதிரே கிடந்த நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.

“இப்ப உக்காந்து கேளுங்க.”

“என்ன மேடம், பெஞ்சு மேல ஏத்துற மாதிரி?”

“அதைவிடச் சின்னத் தண்டனைதான். உக்காருங்க.”

சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“ஒம்பது, தம்பி” என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

அன்றே மருந்தைக் கூட்டினார்கள். ஞானதிரவியம் மல்லாந்து படுத்துத் தூங்கினார்.

“என்கிட்ட ஏன் மேடம் பொய் சொன்னார்?”

“பொய்யா? எதிரே இருக்கிற முகம் மலர்ற வரைக்கும் காத்திருந்து படம் எடுத்த மனுஷன் அவர். உங்க முகம் ரெண்டுலதானே மலர்ந்துச்சு, வைகுண்டம்?”

ஒரு நாற்காலியைத் திருப்பினால் வலியின் எண் மாறுமா என்பதுதான் தாவீதின் சந்தேகம். விசாரிக்க மங்களமும் இப்போது இல்லை.

இந்த வருடம் வைகுண்டத்துக்கே அந்த நோய் வந்தது. தாவீதுதான் வைத்தியம். அது நடந்ததா, இல்லையா என்று இன்றைக்குக் கேட்டுவிடுவது என்றே அவர் வீட்டுக்குப் போனார்.

“வாடே. சுக்குக் காப்பி கிடையாது, கோவிச்சுக்காத.”

“வலி எப்படி இருக்கு அண்ணாச்சி?”

வைகுண்டம் தாவீதின் முகத்தையே பார்த்தார். “ரெண்டு. உன் மருந்துக்கு நல்லாக் கேக்குதுடே.”

அவர் கைகள் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்திருந்தன.

தாவீது கேட்க வந்ததைக் கேட்கவில்லை. எழுந்தார். நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. எத்தனை?”