மஞ்சள் குடை போன வழி

கோபி டவுனுக்குப் பக்கத்தில்தான் அந்த ஊர். பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். யாராவது வழி சொல்லி அனுப்பினால்தான் வந்து சேருவார்கள் என்பது வேறு விஷயம். இருந்தாலும் எனக்கெதற்கு வம்பு.

அந்த ஊர் நாச்சிமுத்துவின் குடும்பம் ஆறு பேர், நானும் என் வீட்டுக்காரியும், இன்னும் இருபத்தாறு பேர், போன வருஷம் சித்திரையில் ஒரே குழுவாக ஸ்விட்சர்லாந்துக்குப் போனோம். நான் சேலத்தில் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தாறு வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பலதரப்பட்ட ஜனங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு பேரைப் போல ஒருவரையும் பார்த்ததில்லை. தங்கமான மனுஷர்கள். கஷ்டமே அதில்தான்.

பெரியவர் நாச்சிமுத்துவுக்கு எழுபத்தாறு வயது. மகன் தங்கவேல், மருமகள் கோகிலா. அவர்கள் பெண் சம்யுக்தா, இன்ஜினியரிங் முடித்தவள். பெரியவரின் மகள் பூங்கோதை, அவள் புருஷன் குழந்தைசாமி. இந்தக் குழந்தைசாமிதான் வீட்டு மாப்பிள்ளை. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாகியும் அந்த வீட்டில் மாப்பிள்ளை வாயைத் திறந்தால் விஷயம் முடிந்தது. மறுபேச்சு கிடையாது.

வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பெரியவர் ஒரு கட்டளை போட்டிருந்தார். "வெளிநாட்டுல நம்ம புத்தி செல்லாது. டூர்காரத் தம்பி என்ன சொல்லுதோ அதை அப்படியே செய்யோணும். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது."

அந்த டூர்காரத் தம்பிதான் பிரசன்னா. சென்னைப் பையன், இருபத்தொன்பது வயது. தனியாகக் குழு நடத்துவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. விமானத்தில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மனசைத் திறந்து கொட்டிவிட்டான். ஒரே ஒரு புகார் வந்தாலும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். புகார் வராவிட்டால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமென்று காகிதம் வந்தால்தான் பெண்ணைத் தருவேன் என்று காஞ்சிபுரத்து மாமனார் சொல்லியிருக்கிறார். பெண் பெயர் தாரிணி. நாலு வருஷமாகக் காத்திருக்கிறாள்.

"எல்லாரும் நல்லவங்களாத்தான் தெரியறாங்க சார்," என்றான் பிரசன்னா. "அதுலயும் அந்தக் கோபிக்காரங்க, சொன்னதை அப்படியே கேட்கறாங்க."

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் பாராசூட்டைத் தேடியிருப்பேன்.

விமானம் இறங்கியதும் அவன் எழுந்து எல்லோரிடமும் சொன்னான். "இங்கே திருட்டு பயம் இருக்கு. பாஸ்போர்ட்டை உயிர் மாதிரி பார்த்துக்குங்க. யார் கேட்டாலும் கையில குடுத்துடாதீங்க."

குடியேற்ற அதிகாரி கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து கையை நீட்டினார். நாச்சிமுத்து பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். அதிகாரி மறுபடியும் கேட்டார். பெரியவர் இன்னும் ஓரடி நகர்ந்தார்.

"யூனிபார்ம் போட்டிருக்கறாருங்களே அய்யா," என்றார் தங்கவேல்.

"யார் கேட்டாலும்னுதான தம்பி சொல்லுச்சு? யூனிபார்ம் போட்டவங்களத் தவிரன்னு சொல்லுலயே. மாப்பிள்ளை, நீங்க என்னங்க சொல்றீங்க?"

குழந்தைசாமி தாடையைத் தடவினார். "கையில குடுக்கக் கூடாது, அவ்வளவுதானுங்க மாமா. காட்டலாமுங்க."

அப்படித்தான் நடந்தது. தங்கவேல் ஒரு பக்கம், குழந்தைசாமி ஒரு பக்கம் பாஸ்போர்ட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ள, அந்த அதிகாரி எழுந்து நின்று, கூண்டுக்கு வெளியே கையை நீட்டி முத்திரை குத்தினார். ஆறு பேருக்கும் இப்படியே. பின்னால் நின்ற இருநூறு பேரின் முகத்தையும் நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் பிரசன்னா, "இப்ப உட்கார்ந்திருக்கிற சீட்டுதான் கடைசி நாள் வரைக்கும் உங்க சீட்டு. மாத்தி உட்காராதீங்க," என்று சொல்லி வைத்தான். மறுநாள் காலையில் வேறு பஸ் வந்தது. நாங்களெல்லாம் ஏறிவிட்டோம். அந்த ஆறு பேரும் ரோட்டில் நின்றார்கள்.

"ஏறுங்க ஐயா, நேரமாச்சு."

"எங்க சீட்டு வரலீங்களே தம்பி."

"இதுலயும் அதே நம்பர் இருக்கு ஐயா."

"நம்பர் இருக்குதுங்க. சீட்டு வேறைங்களே," என்றாள் சம்யுக்தா. படித்த பெண், நியாயமாகத்தான் பேசினாள்.

பிரசன்னா புத்திசாலிப் பையன். டிரைவரிடம் கெஞ்சி, பழைய பஸ்ஸில் இருந்து தலைசாய்க்கிற இடத்தில் போட்டிருக்கும் வெள்ளைத் துணி ஆறை வரவழைத்து, புது பஸ் சீட்டில் மாட்டினான். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. பெரியவர் துணியைத் தடவிப் பார்த்துத் திருப்தியாக உட்கார்ந்தார். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

போனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். "இங்கே போன் போட்டா சொத்தை எழுதி வாங்கிடுவாங்க. இந்தியா போற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க." ஆறு போனும் அன்றே கண் மூடின.

நாலாம் நாள்தான் பனிமலை. அதற்காகத்தான் எல்லோரும் வந்ததே. மலையடிவாரத்தில் ஓர் ஏரிக்கரை ஊர், அங்கிருந்து பன்னிரண்டு மணிக்கு மலை ரயில். எங்களை இறக்கிவிட்டுப் பிரசன்னா தன் மஞ்சள் குடையை உயர்த்திக் காட்டினான். "இங்கே கூட்டம் ஜாஸ்தி. என்னைத் தேடாதீங்க. இந்தக் குடையைப் பாருங்க. குடை எங்கே போகுதோ அங்கே வாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, மழை பிடித்துக்கொண்டது. அறுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரம்மா இரண்டு கையிலும் பை வைத்துக்கொண்டு நனைந்தபடி போய்க்கொண்டிருந்தாள். பிரசன்னா நல்ல தாய்க்குப் பிறந்தவன். ஓடிப்போய்க் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே ரயில் நிலையத்துக்குள் ஓடினான். நாங்கள் அவன் பின்னால் ஓடினோம்.

பன்னிரண்டு மணிக்கு எண்ணிப் பார்த்தால் இருபத்தெட்டுப் பேர்தான் இருந்தோம்.

பிரசன்னாவின் முகம் செத்துவிட்டது. மற்றவர்களை உள்ளூர் ஆள் ஒருவரோடு ரயிலில் ஏற்றிவிட்டுத் தேடப் புறப்பட்டான். எனக்கு முழங்கால் வலி, மலை ஏறும் ஆசையும் இல்லை. அதோடு அந்தப் பையனைத் தனியாக விட மனசு வரவில்லை. வீட்டுக்காரியைப் பனிக்கு அனுப்பிவிட்டு அவனோடு நடந்தேன்.

மூன்று மணி நேரம் தேடினோம். கடை, சர்ச், படகுத்துறை ஒன்றும் பாக்கியில்லை. "தாரிணிகிட்ட என்ன சார் சொல்லுவேன்," என்று பிரசன்னா இரண்டு தடவை கேட்டான்.

ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் பண்ணை வீடு. அதன் வாசலில் மஞ்சள் குடை விரித்துக் காயவைத்திருந்தது.

உள்ளே போனோம். கோகிலாவும் பூங்கோதையும் அடுப்படியில் நின்று டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கவேல் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். சம்யுக்தா வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கேமராவில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் நாச்சிமுத்து ஒரு சினை மாட்டின் வயிற்றைத் தடவிக்கொண்டிருக்க, வெள்ளைக்காரம்மாவும் குழந்தைசாமியும் பக்கத்தில் கவலையோடு நின்றார்கள்.

பெரியவர் பிரசன்னாவைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டார். "எங்க போயிட்டீங்க தம்பி? குடை மட்டும் வந்துது, உங்களக் காணோம். பயந்தே போயிட்டமுங்க."

"ஐயா, இது அந்தம்மா வீடு."

"தெரியுமுங்க. நல்லாச் சுத்திக் காட்டுனாங்க. பாவம், அவங்களுக்குத் தமிழ்தான் வரல."

பிரசன்னா விறகின் மேல் உட்கார்ந்துவிட்டான். பனிமலைக்குக் கடைசி ரயில் போயாகிவிட்டது. ஸ்விட்சர்லாந்துக்கு வந்து பனியைப் பார்க்காமல் திரும்பிய ஆறு பேரைத் தன் முதல் குழுவிலேயே உண்டாக்கியிருந்தான். அந்த அம்மாள் அவன் கையிலும் ஒரு டீ கொடுத்தாள்.

மிச்ச நாட்கள் எப்படியோ ஓடின. சென்னையில் இறங்கியதும் பிரசன்னா அந்த ஆறு பேரையும் ஓரமாகக் கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, என் பொழைப்பே உங்க கையில இருக்கு. குறை ஏதாச்சும் இருந்தா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. தயவுசெஞ்சு முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க."

"செத்தாலும் சொல்ல மாட்டமுங்க," என்றார் நாச்சிமுத்து.

பத்து நாள் கழித்து முதலாளி வைத்தியநாதன், வழக்கப்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் போட்டு விசாரித்தார். கோபி வீட்டில் தங்கவேல் எடுத்தார்.

"டூர்ல ஏதாவது குறை இருந்துதா சார்?"

"இருந்துதுங்க."

"என்ன குறை?"

"அதை உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு பிரசன்னா தம்பி சொல்லியிருக்குதுங்க."

முதலாளி போனை வைத்தாராம். பிறகு பிரசன்னாவைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே கோபிக்குப் புறப்பட்டார். ஏழு மணி நேரப் பயணம். வேலையை விட்டு எடுக்கும் கடிதம் முதலாளியின் பையில் இருந்தது, பிரசன்னாவுக்கும் அது தெரிந்திருந்தது. இதையெல்லாம் பின்னால் அவனே என்னிடம் சொன்னான்.

கோபியில் ராஜ மரியாதை. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். பிறகு நாச்சிமுத்து முதலாளியைப் பார்த்து, "நீங்க சித்த வெளிய இருங்க. குறையைத் தம்பிகிட்ட மட்டுந்தான் சொல்லோணும்," என்றார். முதலாளி போய் ஜன்னலோரம் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். பெரியவருக்குக் காது மந்தம். ஆகையால் அவர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தோட்டம் வரை கேட்கும்.

"தம்பி, மனசுல ஒண்ணை வெச்சுட்டு மறைக்கக் கூடாது. நீங்க செஞ்சது எங்களுக்குப் பெரிய குறைதானுங்க. அந்தம்மா வீட்டு மாடு இன்னைக்கோ நாளைக்கோன்னு நின்னுச்சு. கன்னு போடறதைப் பாக்காம எங்களக் கூட்டியாந்துட்டீங்க. கிடாரியா காளையான்னு தெரியாம வீட்டுல ஒருத்தருக்கும் சோறு எறங்கல."

பிரசன்னா இளநீரைக் கீழே வைத்தான். "பனிமலை பார்க்காததுல குறை இல்லீங்களா?"

"பனிங்களா?" குழந்தைசாமி சிரித்தார். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜிலயே கெடக்குதுங்களே."

"அடுத்த வருஷம் எங்க சொந்தக்காரங்க நாப்பது பேர் வர்றாங்க," என்றார் தங்கவேல். "மலையெல்லாம் வேண்டாமுங்க. நேரா அந்தக் கொட்டகைதான். பிரசன்னா தம்பி கூட்டிட்டுப் போனாத்தான் வருவமுங்க."

ஜன்னலுக்கு வெளியே வைத்தியநாதன் பையைத் திறந்து, ஒரு கடிதத்தை நாலாகக் கிழித்தார். அடுத்த வாரமே பிரசன்னாவுக்கு வேலை நிரந்தரம் என்று காகிதம் வந்தது. காஞ்சிபுரத்து மாமனார் அதைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, ஆவணியில் முகூர்த்தம் குறித்தார். என்னிடம் போனில் சொல்லும்போது பையன் அழுதேவிட்டான். எனக்கும் கண் கசிந்தது, மறைப்பானேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். சந்தோஷத்தில் அவனுக்குப் புத்தி மழுங்கிவிட்டது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு கோபிக்கே போய், நாச்சிமுத்துவின் காலில் விழுந்து, "ஐயா, கல்யாணத்துல எல்லாம் நல்லபடியா முடியற வரைக்கும் நீங்க ஆறு பேரும் என் கூடவே இருக்கணும்," என்று சொல்லியிருக்கிறான். யாரிடம் என்ன பேசுகிறோம் என்று ஒரு விநாடி யோசித்திருக்க வேண்டாமா?

நான் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணவறையில் பிரசன்னாவும் தாரிணியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை ஒட்டி ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கினியை வலம் வரும்போது பிரசன்னா, தாரிணி, நாச்சிமுத்து, குழந்தைசாமி, தங்கவேல், கோகிலா, பூங்கோதை, சம்யுக்தா என்று எட்டுப் பேர் வரிசையாகச் சுற்றினார்கள். மூன்றாம் சுற்றில் பெரியவருக்கு மூச்சு வாங்கியதால் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

சாப்பாடு முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறினார்கள். இவர்களும் ஏறினார்கள்.

தலைத்தீபாவளிக்குக் காஞ்சிபுரம் போனபோது பிரசன்னா எட்டு டிக்கெட் எடுத்தானாம். மாமனார் விடியற்காலையில் மாப்பிள்ளை தலையோடு சேர்த்து ஏழு தலைக்கு எண்ணெய் வைத்தார். நல்லெண்ணெய் ஐந்தாவது தலையோடு தீர்ந்துபோனது. பலகாரம் சாப்பிட்ட பிறகு அந்த மனுஷர் நாச்சிமுத்துவின் எதிரில் வந்து, மிகவும் பணிவாக, "ஐயா, எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சுடுச்சே. நீங்க ஊருக்கு எப்போ?" என்று கேட்டாராம்.

நாச்சிமுத்து யோசித்துவிட்டுக் குழந்தைசாமியின் பக்கம் திரும்பினார். "எல்லாம் முடிஞ்சுதுங்களா மாப்பிள்ளை?"

"எப்புடீங்க மாமா? பொங்கல் சீர் இருக்குதுங்க. பொறவு வளைகாப்பு."

"பொறவு தொட்டில், காதுகுத்து," என்றாள் கோகிலா.

"அந்தக் கொழந்தைக்கு ஒரு கல்யாணம் பண்ணோணுமே," என்றார் தங்கவேல்.

"பண்ணுனா அதுக்கும் பொங்கல் சீர், வளைகாப்பு எல்லாம் வருமுங்களே," என்றாள் சம்யுக்தா.

நாச்சிமுத்து எழுந்து வந்து, வெளிறிப்போய் நின்ற பிரசன்னாவின் தோளில் ஆதரவாகக் கை வைத்தார்.

"நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க தம்பி. தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டுத்தான் வந்திருக்கறமுங்க."