பெனால்டியில் ஒரு பாஸ்

தூத்துக்குடியில் அமலோற்பவம் என்ற கால்பந்து நடுவரிடம் கித்தேரியான் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார். ஆசிரியைக்கு முப்பத்து நாலு வயது. மாணவருக்கு நாற்பத்தாறு. இருபது வருஷம் கோல்கீப்பராக நின்று, நடுவர்களை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தவர். அந்தப் பாவத்துக்குத்தான் விசில் வாங்கினேன் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை மாலை அவர் புது பூட்ஸ் பெட்டி ஒன்றோடு மைதானத்துக்கு வந்தார்.

முந்தைய நாள் அரையிறுதி. துணை நடுவர்கள் கிடையாது, விசிலோடு இவர் ஒருவர்தான். ஆளுக்கொரு கோல். கடைசி நிமிஷத்தில் பெனால்டி. உதைக்க வந்தவன் கோலுக்கு அடிக்காமல் பந்தை மெல்ல முன்னால் உருட்டிவிட்டான். பின்னாலிருந்து அதே அணியின் தொபியாஸ் என்ற பையன் ஓடி வந்து வலைக்குள் தள்ளினான். பாதிக் கூட்டம் கோல் என்றது, பாதிக் கூட்டம் ஏமாற்று என்றது.

விதி கித்தேரியானுக்குத் தெரியும். பெனால்டியை முன்பக்கமாக பாஸ் செய்யலாம். ஆனால் பந்தை உதைக்கும்வரை மற்றவர்கள் பெனால்டி ஏரியா கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். தொபியாஸ் எங்கே நின்றான் என்பதுதான் தெரியவில்லை. இவரும் எல்லோரையும் போலப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் அவனிடமே கேட்டார்.

“முந்தியே உள்ள வந்துட்டியா தம்பி?”

“ஆமா சார். அவசரப்பட்டுட்டேன்.”

கோல் செல்லாது என்றார். எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். பிறகு டை பிரேக்கரில் தொபியாஸின் அணி தோற்றது. சொந்த அணிக்காரர்களே அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனோ போகும்போது இவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு கித்தேரியான் பெட்டியை அமலோற்பவத்திடம் நீட்டினார்.

“இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கோல் குடுத்திருப்பேன். என் விசிலைக் காப்பாத்துனது அவன்தான். ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கும் நான்தான் விசில். அதுக்குள்ள அவனுக்கு நன்றி சொல்லணும். இந்த பூட்ஸ் போதுமா மேடம்?”

அமலோற்பவம் பெட்டியை வாங்கித் திறந்து பார்க்காமல் கீழே வைத்தார். ஒரு பந்தை எடுத்துக்கொண்டு பெனால்டி ஏரியாவின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போய் நின்றார். பந்தை உயரத் தூக்கிப் போட்டார். கித்தேரியான் அண்ணாந்து பார்த்தார். பந்து தரையில் விழுந்தபோது ஆசிரியை கோட்டுக்கு உள்ளே நின்றார்.

“நான் எப்போ உள்ள வந்தேன்?”

“பார்க்கலையே மேடம்.”

அமலோற்பவம் மறுபடி தூக்கிப் போட்டார். இந்த முறையும் கித்தேரியானுக்குத் தெரியவில்லை. மூன்றாவது தடவை பந்து மேலே போனபோது கித்தேரியான் நிமிரவே இல்லை.

“இப்போ மேடம். வலது கால்.”

அமலோற்பவம் சிரித்தார். பூட்ஸ் பெட்டியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“இதைக் கடையில திருப்பிக் குடுத்துருங்கண்ணே. ஃபைனல் பார்க்க தொபியாஸ் வருவாரு. பந்து எங்க போனாலும் உங்க கண்ணு கோட்டுல இருக்கிறதை அவர் பார்க்கட்டும்.”