எடுத்து வைத்த ஏலக்காய்

மலையில் ஏலக்காய்த் தைலம் வடிக்கிற ஒச்சப்பனிடம் யாரும் "வடித்துக் கொடு" என்று கேட்பதில்லை. "எடுத்துக் கொடு" என்பார்கள். அவன் கொட்டகையில் எடுப்பது என்றால் தைலம் எடுப்பதுதான். வேறு பொருள் அங்கே புழங்கியதில்லை.

அந்த ஆண்டு அடைமழையில் அழுகல் நோய் விழுந்து, சுருளியம்மாளின் ஏலத்தோட்டம் முழுவதும் போயிற்று. ஒரே ஒரு தூர் மட்டும் நோய் தொடாமல் நின்று காய்த்தது. அந்த விதையில் நாற்று விட்டால் தோட்டத்தை மறுபடி எழுப்பிவிடலாம் என்று, காயைப் பழுக்கவிட்டுப் பறித்தாள். பறித்த அன்றே, மலைக்குக் கீழே கம்பம் ஊரில் தங்கைக்குப் பிரசவ வலி என்று தகவல் வந்தது. சுருளியம்மாளின் வீடு மழைக்கு ஒழுகியது. ஒழுகாத பரண் ஒச்சப்பன் கொட்டகையில்தான் இருந்தது. கூடையைக் கொழுந்தன் கொடியரசனிடம் கொடுத்து, "ஒச்சப்பண்ணன்கிட்ட எடுத்து வைக்கச் சொல்லு" என்றுவிட்டு ஜீப் ஏறினாள்.

கொடியரசன் கொட்டகையில் கூடையை இறக்கினான். "மதினி எடுக்கச் சொன்னாங்கண்ணே. தங்கச்சிக்குப் பிரசவம்னு கம்பம் போயிருக்காங்க."

ஒச்சப்பன் ஒரு காயைப் பிதுக்கிப் பார்த்தான். அவனிடம் வருவதெல்லாம் உலர்ந்த காய். இது ஈரம், பழுத்து மஞ்சளாகியிருந்தது.

"பழமால்லடா இருக்கு? காயப்போடக்கூட இல்லையே."

"இந்த மழையில எங்க காயப்போடுறது, உங்க மீசையிலயா?"

ஒச்சப்பன் சிரித்துவிட்டான். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொஞ்சம் தைலம் வேண்டியிருக்கும் என்று தானாகவே ஒரு காரணமும் தோன்றியது. அவளிடம் கேட்டுக்கொள்ளப் போனில் சிக்னல் இல்லை. அண்டாவுக்கு அடியில் தீ மூட்டினான்.

சுருளியம்மாள் திரும்பியபோது, மண்சரிவு அந்தத் தூரையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. "போகட்டும், விதை இருக்கு" என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே கொட்டகைக்கு வந்தாள். கொடியரசன் விறகு இறக்கிக்கொண்டிருந்தான். ஒச்சப்பன் முகம் மலர்ந்து, விரலளவு குப்பி ஒன்றை நீட்டினான்.

"என்ன பிள்ளை தாயி? இந்தா, ஒரு சொட்டு சிந்தாம எடுத்து வச்சிருக்கேன்."

"பொண்ணு. கூடை எங்கண்ணே?"

அவன் அண்டாவைப் பார்த்தான். வெந்த விதை முளைக்காது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எடுத்து வைக்கத்தானேடா சொன்னேன்!" என்று கொழுந்தனிடம் திரும்பினாள் அவள்.

"எடுத்தா வைக்கத்தானே போறாருன்னு நெனச்சேன் மதினி..."

"எங்கிட்ட வந்து எடுன்னா, நான் வேற என்னத்தப்பா எடுப்பேன்?" என்றான் ஒச்சப்பன்.

சொன்னவள் ஒருத்தி, கொண்டுவந்தவன் ஒருவன், செய்தவன் ஒருவன். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. தோட்டம் இனி இல்லை. இதில் பிழை யாருடையது?

விடை: ஒச்சப்பனுடையது. சுருளியம்மாள் சரியாகத்தான் சொன்னாள். கொடியரசன் பாதிச் சொல்லைத் தொலைத்தான். தொலைத்தது அவனுக்கே தெரியாது. சந்தேகம் வந்தது ஒச்சப்பன் ஒருவனுக்குத்தான். அதை அவள் வரும்வரை அப்படியே விட்டிருக்கலாம். தானே பதில் சொல்லிக்கொண்டான். "எம்மேலதான் தாயி" என்று அவனும் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்ட பிறகும், குப்பியை நீட்டிய கையை மடக்குவதா, நீட்டியபடியே வைத்திருப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.