கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிய பதிவு

சிறுமலை அடிவாரத்தில், டவுன் பஸ் திரும்பும் இடத்தில் அந்த ஆசிரமம் இருந்தது. அங்கே குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்திரண்டு. குருவை எல்லோரும் அம்மா என்பார்கள். சீடர் தெய்வசிகாமணியும் அப்படித்தான் கூப்பிடுவார். அம்மா அவரை ஐயா என்பார். இதில் இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை. புதிதாக வருகிறவர்கள்தான் யார் காலில் விழுவது என்று கொஞ்சம் தடுமாறுவார்கள்.

தெய்வசிகாமணி தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்த மனைவியை ஏழு வருஷம் ஒற்றை ஆளாகக் கவனித்துக்கொண்டவர். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் இருக்க முடியாமல் ஆசிரமத்துக்கு வந்தார். வரும்போது ஒரு லேப்டாப்பையும் ஒரு வலைப்பூவையும் கொண்டுவந்தார்.

மறதி நோயாளியை எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படிச் சாப்பிட வைப்பது, மாத்திரையைத் துப்பினால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் அதில் எழுதியிருந்தார். நாம் பட்ட பாடு இன்னொரு வீட்டுக்கு உதவட்டும் என்பது அவர் ஆசை. அதுவும் நடக்காவிட்டால் அந்த ஏழு வருஷமும் எதற்கு என்று நினைத்து நினைத்து மருகினார்.

ஒருநாள் காலையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தெய்வசிகாமணி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, எழுதிக்கிட்டே இருக்கேன். யாரும் வரமாட்டேங்கிறாங்க."

"யாருமேவா?"

"புதுசா எழுதினா சொந்தக்காரங்க வந்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவாங்க. அப்புறம் ஈ காக்கா எட்டிப் பார்க்காது. ஜனங்க வரணும். வந்துக்கிட்டே இருக்கணும். அதுக்கு என்ன வழி?"

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"ரெண்டு மணி பஸ் வரும்போது வாசலுக்கு வாங்க ஐயா."

இரண்டு மணி பஸ் வந்து திரும்பி நின்றது. டிரைவரும் கண்டக்டர் ஜெயபாலும் டீ குடிக்கப் போனார்கள். அவர்கள் குடித்து முடிக்கும் வரைதான் பஸ் நிற்கும். அம்மா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். தமயந்தி என்று பெயர். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இவங்ககிட்ட சொல்லும்மா. ஐயாவுக்குத் தெரியும்" என்றார் அம்மா.

"என் மாமியாருக்கு மறதி நோய்ங்கய்யா. குளிக்கவே மாட்டேங்கிறாங்க. தண்ணியப் பார்த்தாலே, மொண்டு ஊத்தற பிளாஸ்டிக் மக்கைத் தூக்கி அடிக்கிறாங்க. எங்கயாச்சும் ஹோம்ல விட்டுடலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு. எனக்கு மனசு வரல. நான் என்ன செய்யட்டும்?"

தெய்வசிகாமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவருக்குத் தலைகீழாகத் தெரிந்த விஷயம்.

"சொல்றேம்மா. மொதல்ல மூளையைப் பத்திப் புரிஞ்சுக்கணும். நம்ம மூளையில ஞாபகத்துக்குன்னு ஒரு பகுதி இருக்கு..."

டிரைவர் டீயைக் குடித்து முடித்தார். தெய்வசிகாமணி மூளையின் இரண்டாம் பகுதிக்கு வந்திருந்தார். ஹாரன் அடித்தது. தமயந்தி பஸ்ஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாம் என் வலைப்பூவுல இருக்கும்மா. பேரும் ஈமெயிலும் குடுத்துப் பதிவு பண்ணுங்க. ஒரு பாஸ்வேர்டு வரும். அதைப் போட்டா..."

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. பஸ் போய்விட்டது.

"கையில என்ன கொண்டுபோனாங்க ஐயா?" என்று அம்மா கேட்டார்.

"என் வலைப்பூ முகவரி."

"அதை வச்சுக் குளிப்பாட்டலாமா?"

தெய்வசிகாமணி பாஸ்வேர்டு விஷயத்துக்கு வந்தார்.

"பூட்டு போட்டதுக்குக் காரணம் இருக்கும்மா. ஒருத்தன் என் கட்டுரையை அப்படியே எடுத்துத் தன் பேர்ல போட்டுக்கிட்டான். அதனாலதான் யாரும் காப்பி எடுக்க முடியாத மாதிரி பண்ணினேன்."

"திருடன் வரலை. சரி. வேற யார் வந்தாங்க?"

தெய்வசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுத்த பஸ் நாலு மணிக்கு. அதே ஜெயபால்தான் வருவார். தமயந்தி இறங்கற ஸ்டாப்புலதான் அவங்க காய்கறிக் கடை. அவர்கிட்ட சொல்லி அனுப்பற மாதிரி ஒன்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனார்.

மனிதர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதினார். முதலில் ஒரு பக்கம் வந்தது. அதைக் கண்டக்டர் எங்கே ஞாபகம் வைத்துக்கொள்வார் என்று நினைத்து அடித்தார். அரைப் பக்கமானது. மூளை போனது, மருத்துவ வரலாறு போனது, தொலைபேசித் துறையில் அவர் வாங்கிய விருதும் போனது. அடிக்க அடிக்க அவருக்கே வலித்தது. கடைசியில் மூன்று வரி மிஞ்சியது.

நாலு மணிக்கு அதை ஜெயபாலிடம் சொன்னார்.

"குளிக்க வாங்கன்னு கூப்பிடக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணிய மொதல்ல காலில ஊத்தணும், தலையில வேண்டாம். மக்கை அவங்க கையிலயே குடுத்துடணும்."

ஜெயபால் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. முன் சீட்டில் இருந்த ஒருவர் தலையை நீட்டினார்.

"அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க. எங்கப்பாவோட இதே பாடுதான்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கியதுமே ஜெயபால் கத்தினார்.

"ஐயா! காலில தண்ணி பட்டதும் அந்தப் பெரியம்மா தானே சோப்பு கேட்டாங்களாம்! தமயந்தியக்கா உங்களுக்குப் பெரிய கும்பிடு போடச் சொன்னாங்க."

தெய்வசிகாமணி கைகூப்பினார். கும்பிடு ஜெயபாலுக்கா, தமயந்திக்கா, அந்தப் பெரியம்மாவுக்கா என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்தார். வெகு காலம் கழித்து வந்த சந்தோஷம்.

"ஜெயபாலுக்கு ஏன் மறக்கலை?" என்று அம்மா கேட்டார்.

"சின்னதா இருந்துச்சு."

"அது மட்டுமா?"

அவர் யோசித்தார்.

"கொண்டுபோய்க் குடுத்தா தமயந்தி முகம் மலரும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்மா. கொண்டுபோறவருக்கும் அதுல ஒரு சந்தோஷம் இருக்கு."

அம்மா சிரித்தார்.

அன்றே அவர் வலைப்பூவின் பூட்டைக் கழற்றினார். பதிவும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம் என்று எடுத்துவிட்டார். நீளமான கட்டுரைகளை உடைத்து, ஒரு கஷ்டத்துக்கு ஒரு பக்கம் என்று ஆக்கினார். தலைப்பை அந்த வீட்டில் இருப்பவர்கள் புலம்புகிற மாதிரியே வைத்தார். 'குளிக்கக் கூப்பிட்டால் அடிக்கிறார்களா?' 'சாப்பிட்டதை மறந்துவிட்டுப் பசிக்கிறது என்கிறார்களா?' அடியில் பெரியதாக ஒரு வாட்ஸ்அப் பட்டன். படிக்க நேரமில்லாதவர்களுக்குத் தன் குரலிலேயே ஒரு நிமிஷ ஆடியோ. அனுப்பினால் போனில் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவு எழுத்தில் ஒரு படம். ஒவ்வொரு பக்கத்தையும் போடுவதற்கு முன்பு, ஜெயபால் இதைத் தாங்குவாரா என்று மட்டும் கேட்டுக்கொள்வார். தாங்கமாட்டார் என்று பட்டால் மறுபடி அடிப்பார்.

ஜனங்கள் வந்தார்கள். ஒருத்தி தன் நாத்தனாருக்கு அனுப்பினாள். நாத்தனார் குடும்பக் குரூப்பில் போட்டாள். குளிப்பாட்ட வழி தேடி வந்தவர்கள் சாப்பாட்டுப் பக்கத்துக்கும் போனார்கள். மாதங்கள் கழித்தும் பழைய பக்கங்களுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது.

"இப்ப மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வர்றாங்க ஐயா?" என்று அம்மா ஒருநாள் விசாரித்தார்.

"இன்னிக்குக் குளியல் முடிஞ்சா நாளைக்குத் தூக்கம் வராதும்மா. கஷ்டம் தீர்றதில்லை. ஒன்னு பலிச்சுதுன்னா அடுத்ததுக்கும் இங்கேயே வர்றாங்க."

படித்தவர்கள் அவருக்குக் கடிதம் மாதிரி எழுதாமல், பேசுவது போல எழுதினார்கள். 'ஐயா, எங்கப்பா இன்னைக்கு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், நீங்க நல்லா இருக்கணும்' என்று ஒருவர். 'நாலு நாளா தூங்காம இருந்தேன், உங்க ஆடியோவைக் கேட்டுட்டு அழுதுட்டேன், நன்றி' என்று இன்னொருவர். அவர் ஒவ்வொன்றையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டுவார். அந்த ஏழு வருஷமும் எதற்கு என்று அவர் இப்போது கேட்பதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கரூரிலிருந்து காளியப்பன் என்பவர் மனைவியோடு வந்தார். ஒரு சீப்பு மலைப்பழத்தை அம்மாவின் முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டார்.

"அம்மா, எங்க குடும்பத்தைக் காப்பாத்திட்டீங்க. காலில தண்ணி ஊத்தச் சொல்லி நீங்க அருளியது எங்க ஊர் முழுக்க ஓடுது" என்று போனைக் காட்டினார். தெய்வசிகாமணி எழுதிய வரிகள்தான். மேலே யாரோ அம்மாவின் படத்தைப் போட்டு, சுற்றிலும் ரோஜாப்பூ வைத்திருந்தார்கள்.

"நான் சொல்லலைப்பா. எழுதினது அதோ அந்த ஐயா" என்றார் அம்மா.

காளியப்பன் பக்தியோடு சிரித்தார்.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும்மா. பெரியவங்க என்னிக்குத் தன் பெருமையை ஒத்துக்கிட்டாங்க?"

பிறகு தெய்வசிகாமணியைப் பார்த்து, "ஐயா, கோயில் வரைக்கும் போயிட்டு வந்துடறோம், இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா?" என்றார்.

தெய்வசிகாமணி பையைப் பார்த்துக்கொண்டார். அவர்கள் கரூருக்குக் கிளம்பியதும் அவர் நேராக அம்மாவிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"மறுபடி பூட்டிடப் போறேம்மா."

"ஏன் ஐயா?"

"நான் எழுதினது எனக்கே ஃபார்வர்டு ஆகி வருது. உங்க படம் இருக்கு, ரோஜாப்பூ இருக்கு. என் பேர் எங்கயும் இல்லை. கஷ்டப்பட்டது நான், கும்பிடு உங்களுக்கு. தப்பா நினைக்காதீங்க. மனசு ஆறலை."

"தப்பில்லை. எனக்கும் அந்தக் கும்பிடு கூச்சமாத்தான் இருந்துச்சு" என்றார் அம்மா. "ஒன்னு கேக்கலாமா?"

"கேளுங்க."

"காலில ஊத்தணும், தலையில கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா?"

"எந்த டாக்டரும் சொல்லலை."

"புத்தகத்துல இருந்துச்சா?"

"இல்லைம்மா. என் மனைவிகிட்டதான் கத்துக்கிட்டேன். தலையில ஊத்தினா அலறுவா. ஒருநாள் கைதவறிக் காலில கொட்டிடுச்சு, சிரிச்சா. மக்கைப் பிடுங்கினா அடிப்பா, கையில குடுத்துட்டா எனக்கே ஊத்திவிடுவா. வலைப்பூவுல இருக்கற பக்கம் ஒவ்வொன்னும் அவ காட்டிக் குடுத்ததுதான்."

"வலைப்பூவுல அவங்களை என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"நோயாளின்னு."

"அவங்க பேர் என்ன ஐயா?"

அந்தப் பெயரை அவர் யாரிடமும் சொல்லி வெகு நாளாகியிருந்தது.

"புஷ்பவல்லி."

அம்மா எழுந்து நின்று கைகூப்பினார்.

"ஒரு வருஷமா உங்க எழுத்தைப் படிக்கிறேன். நன்றியை யாருக்குச் சொல்லணும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."