மஞ்சக்கொண்டை கட்டிய வழுவழு வாசல்

ஏரிக்கரைக் கருவேல மரத்தில் மஞ்சக்கொண்டை என்ற ஆண் தூக்கணாங்குருவி ஒரு கூடு கட்டினான். கூடா அது! பார்த்த பறவையெல்லாம் வாயடைத்துப் போனது. நெல் இலையை நாராகக் கிழித்து, முடிச்சே தெரியாமல் பின்னி, ஆவாரம்பூ இதழ்களைக் களிமண்ணில் ஒட்டியிருந்தான். கீழே நீண்டு தொங்கிய வாசலில் ஒரு பிசிறு கிடையாது. வெயில் பட்டால் பட்டுத்துணியாய் மினுங்கும். மீன்கொத்திகூட மீனை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கும்.

தூக்கணாங்குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதிக் கூட்டிலேயே பெண்குருவியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அவள் உட்கார்ந்து, இழுத்து, ஆட்டிப் பார்த்துச் சரியென்றால்தான் மீதி வேலை. நம்ம ஆளோ, அரைகுறையை யாராவது காட்டுவார்களா என்று முழுசாய் முடித்த பிறகுதான் கூப்பிட்டான். அதற்குள் மற்ற பெண்களெல்லாம் ஜோடி சேர்ந்தாயிற்று. மிச்சம் தவிட்டி ஒருத்திதான். அவளும் போய்விட்டால் இந்த மழைக்கு அவன் கூட்டில் குஞ்சு கிடையாது.

தவிட்டிக்கு ஒரு கால் கண்ணியில் சிக்கி விளங்காமல் போயிருந்தது. அவள் அண்ணாந்து பார்த்து அசந்துபோனாள். ஆசை ஆசையாய்ப் பறந்து வாசலைப் பற்றினாள். வழுக்கியது. மறுபடியும் பற்றினாள். மறுபடியும் வழுக்கியது.

மஞ்சக்கொண்டை அவள் பக்கம் பறந்து வந்தான். போகப் போகப் பழகிவிடும் என்று கெஞ்சினான்.

"நான் பழகுறதுக்குள்ள குஞ்சு பட்டினியில செத்துரும்," என்றாள் தவிட்டி. "வாயில புழுவோட, கொட்டுற மழையில ஏறணும். இவ்வளவு அழகை நான் பார்த்ததே இல்லை. ஆனா எனக்குப் பிடிமானம் இல்லையே!"

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குறை வாசலில் இல்லை, அவள் காலில்தான் என்று காட்டிவிட நினைத்து, தன் கால் ஒன்றை மடக்கிக்கொண்டு அவனே வாசலில் தொற்றினான். சர்ரென்று வழுக்கி, ஏரித் தண்ணீர் வாலை நனைத்த பிறகுதான் சுதாரித்தான்.

மேலே வந்தவன் நேரே வாசலுக்குப் போனான். பார்த்துப் பார்த்து இழைத்த விளிம்பைத் தானே பிரித்தான். சொரசொரப்பான கோரைப்புல்லை முடிச்சு முடிச்சாய்க் கோத்துக் கட்டினான். ஒவ்வொரு முடிச்சிலும் தவிட்டியை நிற்கச் சொல்லி, இங்கே பிடி கிடைக்கிறதா என்று கேட்டுக் கேட்டு அடுத்ததைப் போட்டான். பூவிதழ்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

முட்டை பொரித்த சமயம் மழை வந்தது. புழுவைக் கவ்விக்கொண்டு தவிட்டி காற்றோடு பறந்து வந்தாள். ஒற்றைக் காலால் முடிச்சைப் பற்றினாள், சட்டென்று உள்ளே போனாள். உள்ளேயிருந்து குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்தின. கொட்டும் மழையில் கிளையில் உட்கார்ந்திருந்த மஞ்சக்கொண்டை, நான் கட்டிய கூடா இது என்று முதல் முறையாக மலைத்துப்போய்ப் பார்த்தான்.

கண்ணை மயக்கும் அழகு, தளர்ந்த காலுக்கும் பிடி கொடுத்தால்தான் நிறைவாகும்.